செப்டம்பரில் திறக்கும் திரை

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை வெயில் தணிந்து மரங்களின் இலைகள் நிறம் மாறத் தொடங்குகிற ஆகஸ்டு இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையிலான ஆறேழு வாரங்களே உலகத் திரைப்பட ஆண்டின் மிகச் செறிவான பருவம். வெனிஸ், டெல்லுரைட், டொராண்டோ, சான் செபாஸ்டியன், நியூயார்க், லண்டன் எனத் திரைப்பட விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுவதும், அவற்றில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட படங்கள் சில வாரங்களிலேயே பொதுத் திரையரங்குகளுக்கு வரத் தொடங்குவதும், அடுத்த ஆண்டின் ஆஸ்கர் விழா வரை நீளும் விருதுப் பேச்சு சூடுபிடிப்பதும் இந்தப் பருவத்தில்தான். இலையுதிர் காலத் தொடக்கத்தில் திரையரங்குக்குச் சென்று காணத்தக்க படங்கள் எவை என்று பத்திரிகைகள் ஒவ்வோர் ஆண்டும் பட்டியலிடுகின்றன. பட்டியல்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தப் படங்கள் ஏன் அந்த வாரங்களில் வருகின்றன, எவ்வழியாக வருகின்றன, வந்தபின் எத்தனை நாள் தங்குகின்றன என்பவற்றைத் தீர்மானிக்கும் ஏற்பாடு பல பத்தாண்டுகளில் உருவாகி நிலைபெற்றுவிட்டது. அதை அறிந்த பார்வையாளர் எந்தப் பட்டியலையும் எதிர்பார்த்திராமல், எந்தப் படத்துக்காக எப்போது அரங்குக்குப் போக வேண்டும் என்பதைத் தாமே முடிவுசெய்ய முடியும்.

முதற்காரணம் நாட்காட்டி. அமெரிக்காவில் செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதோடு கோடை விடுமுறை முடிந்து பள்ளிகளும் கல்லூரிகளும் முழுவீச்சில் இயங்கத் தொடங்குகின்றன. 1975 ஜூன் 20 அன்று ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ நாடெங்கும் நூற்றுக்கணக்கான அரங்குகளில் ஒரே நாளில் வெளியாகிப் பெருவெற்றி பெற்றதிலிருந்து, கோடை மாதங்களைப் பெரும் செலவில் எடுக்கப்படும் சாகசப் படங்களுக்கு ஒதுக்கிவைப்பது அங்குள்ள பட நிறுவனங்களின் வழக்கமாயிற்று. அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் இளைஞர்கள் செப்டம்பரில் வகுப்பறைக்குத் திரும்பிவிடுவதால் அரங்குகளில் கூட்டம் குறைகிறது. அடுத்த பெரும் விடுமுறையான நவம்பர் இறுதி வரை நிறுவனங்கள் தங்கள் விலையுயர்ந்த படங்களில் பலவற்றை இறக்கத் தயங்குகின்றன. இவ்வாறு வணிகக் கணக்கில் மெலிந்த மாதங்களாகக் கருதப்பட்டவைதான், நிதானமாகக் கதை சொல்லும் படங்களுக்கும், வயதுவந்தோரை மனத்தில் கொண்டு எடுக்கப்பட்ட படங்களுக்கும், வேற்றுமொழிப் படங்களுக்கும் திரை கிடைக்கும் மாதங்களாயின. யாரும் திட்டமிட்டு வழங்கிய சலுகையன்று இது. வெற்றிடம் ஒன்று இருந்தது, அதை நல்ல படங்கள் நிரப்பின என்பதே உண்மை.

இரண்டாவது காரணம் ஆஸ்கர் விருதின் விதிகள். ஒரு படம் பொதுவான பிரிவுகளில் போட்டியிட வேண்டுமானால், குறிப்பிட்ட நாட்காட்டி ஆண்டுக்குள் அமெரிக்கத் திரையரங்கில் கட்டணக் காட்சியாகக் குறைந்தது ஏழு நாள் ஓடியிருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் நிபந்தனை. நீண்டகாலம் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி அரங்குகள் மட்டுமே இதற்குக் கணக்கில் கொள்ளப்பட்டன. பின்னர் வேறு சில பெருநகரங்களும் சேர்க்கப்பட்டன. 1978 டிசம்பரில் ‘தி டீர் ஹண்டர்’ படத்தை நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒரே ஒரு வாரம் மட்டும் ஓட்டித் தகுதி பெறவைத்து, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டு, பேச்சு வளர்ந்தபின் அடுத்த ஆண்டு பரவலாக வெளியிட்டார்கள். அது சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. வாக்களிப்போரின் நினைவில் பசுமையாக இருக்கும் காலத்தில் படத்தை வெளியிட வேண்டும் என்ற பாடத்தை மற்ற நிறுவனங்களும் கற்றுக்கொண்டன. ஆனால் எல்லோரும் டிசம்பரிலேயே குவிந்தால் ஒன்றையொன்று நெருக்கும் என்பதால், செப்டம்பர் விழாக்களில் முதலில் காட்டிப் பெயர் வாங்கி, அக்டோபர் முதல் மெல்ல அரங்குகளைப் பெருக்கிச் செல்லும் முறை வேரூன்றியது.

இந்தப் பருவத்தைத் தொடங்கிவைக்கும் வெனிஸ் விழாவே உலகின் மிகப் பழமையான திரைப்பட விழாவாகும். 1895 முதல் நடந்துவந்த வெனிஸ் கலைக் கண்காட்சியின் ஒரு பகுதியாக, 1932 ஆகஸ்டு 6 அன்று லீடோ தீவிலுள்ள எக்செல்சியர் ஓட்டலின் திறந்த மேல்தளத்தில், ரூபன் மமூலியன் இயக்கிய ‘டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ படத்தைக் காட்டி அது தொடங்கியது. ஆனால் அந்த விழா பிறந்தது முசோலினியின் இத்தாலியில். சில ஆண்டுகளிலேயே அதன் உயர்ந்த பரிசுக்கு முசோலினியின் பெயரே சூட்டப்பட்டது. 1938இல் அந்தப் பரிசு, ஜெர்மனியின் பெர்லின் ஒலிம்பிக் ஆவணப் படமான ‘ஒலிம்பியா’வுக்கும், முசோலினியின் மகன் விட்டோரியோவின் மேற்பார்வையில் உருவான ஓர் இத்தாலிய விமானப் படத்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, அரசியல் அழுத்தம் அப்பட்டமாக வெளிப்பட்டது. இதைப் பொறுக்காத பிரெஞ்சுக்காரர்கள் சுதந்திரமான விழா ஒன்றைத் தாங்களே நடத்த முடிவுசெய்து, கடற்கரை நகரமான கானைத் தேர்ந்தெடுத்து, 1939 செப்டம்பரில் அதைத் தொடங்கத் திட்டமிட்டார்கள். செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் படையெடுத்ததால் விழா நின்றுபோயிற்று.

இன்று மே மாதத்தோடு சேர்த்தே நினைக்கப்படும் கான் விழாவும் ஓர் இலையுதிர் கால விழாவாகத்தான் உருவானது என்பதைப் பலர் அறிவதில்லை. போர் முடிந்து 1946 செப்டம்பர் 20 அன்று அது முதன்முறையாக நடந்தபோது, சேதன் ஆனந்த் இயக்கிய ‘நீச்சா நகர்’ என்ற இந்திப் படம் அதன் உயர்ந்த பரிசைப் பெற்ற படங்களுள் ஒன்றாக இருந்தது. மேட்டுக்குடியினர் வாழும் உயரப் பகுதியிலிருந்து சாக்கடை திருப்பிவிடப்படும் தாழ்ந்த பகுதி மக்களின் கதை அது. விடுதலைக்கு ஓராண்டு முன்பு, சொந்த நாட்டுத் திரையரங்குகளில் சரியான இடம் கிடைக்காத நிலையில், மத்தியதரைக் கடலோரத்து விழா ஒன்று அதை அடையாளம் கண்டது.

வெனிஸ் விழாவும் போருக்குப் பின் தன் கறையைக் கழுவிக்கொண்டது. 1951இல் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’, இயக்குநருக்கே தெரியாமல் அங்கு அனுப்பப்பட்டு, உயர்ந்த விருதை வென்று, ஜப்பானியத் திரைப்படத்தின் மீது மேற்குலகின் பார்வையைத் திருப்பியது. 1957இல் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ அதே விழாவின் உயர்ந்த விருதான தங்கச் சிங்கத்தைப் பெற்றது. முந்தைய ஆண்டு வங்காளத்தில் வெளியானபோது அந்தப் படம் அதன் முதல் பாகமான ‘பதேர் பாஞ்சாலி’ பெற்ற வரவேற்பைப் பெறவில்லை. மகன் அபு தாயைவிட்டு விலகிச் செல்வதை இரக்கமின்றிக் காட்டியதைப் பார்வையாளர்கள் ஏற்கத் தயங்கினார்கள். வெனிஸ் வெற்றி அந்தப் படத்தை மட்டுமல்ல, அபுவின் கதையை மூன்றாம் பாகம்வரை கொண்டு செல்லும் வாய்ப்பையும் காப்பாற்றிற்று. ஒரு விழா ஒரு கலைஞனுக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி இதுதான்: அடுத்த படத்தை எடுக்கும் வலிமையைத் தருவது.

மாணவர் கிளர்ச்சிகளின் காலத்தில், 1969 முதல் 1979 வரை, வெனிஸ் விழா பரிசுகளே வழங்கவில்லை. 1980இல்தான் தங்கச் சிங்கம் திரும்பியது. அதன்பின்னும் கானின் நிழலில் நெடுங்காலம் இருந்த விழா, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மீண்டும் எழுந்து நின்றதற்கு இலையுதிர் கால இடமே காரணம். 2013இல் ‘கிராவிட்டி’, 2014இல் ‘பேர்ட்மேன்’, 2016இல் ‘லா லா லேண்ட்’ ஆகியவை வெனிஸின் தொடக்கப் படங்களாக இருந்து, பின்னர் ஆஸ்கரில் குவித்த விருதுகள், ஹாலிவுட் நிறுவனங்களை லீடோ தீவுக்கு இழுத்துவந்தன. 2017இல் கில்லெர்மோ டெல் டோரோவின் ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’, 2020இல் குளோயி ஜாவோவின் ‘நோமேட்லேண்ட்’ ஆகிய இரண்டும் தங்கச் சிங்கத்தையும் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் ஒருசேரப் பெற்றன.

வெனிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் மடியில், கடல்மட்டத்திலிருந்து எட்டாயிரத்து எழுநூறு அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கும் டெல்லுரைட் என்ற பழைய சுரங்க ஊரில் இன்னொரு விழா கூடுகிறது. 1974இல் தொடங்கிய இது தொழிலாளர் தின வார இறுதியில் சில நாள் மட்டுமே நடக்கும். போட்டியும் பரிசும் இல்லை. எந்தெந்தப் படங்கள் காட்டப்படும் என்பதை விழாவுக்கு முந்தைய நாள் வரை வெளியிடுவதும் இல்லை. பெயர் தெரியாத படத்துக்காகப் பணமும் பயணமும் செலவிட்டு மலையேறி வரும் பார்வையாளரின் நம்பிக்கையே அதன் முதலீடு. விளம்பரத்தின் இரைச்சல் ஒரு படத்தை அடையும் முன்பே அந்தப் படத்தைக் காணும் வாய்ப்பு இப்போது அரிதாகிவிட்ட நிலையில், இந்த விழாவின் பிடிவாதம் போற்றத்தக்கது.

அடுத்து வரும் டொராண்டோ விழாவின் இயல்பு முற்றிலும் வேறு. 1976இல் ‘விழாக்களின் விழா’ என்ற பெயரில், பிற விழாக்களில் சிறந்தவற்றைத் தொகுத்துக் கனடாவின் நகரவாசிகளுக்குக் காட்டும் நோக்கத்தோடு தொடங்கிய அது, நடுவர் குழுவின் பரிசைவிடப் பார்வையாளர் வாக்கையே முதன்மையாகக் கொண்டது. 1978 முதல் வழங்கப்பட்டுவரும் மக்கள் தேர்வு விருது, சீட்டு வாங்கி அரங்கில் அமர்ந்து படம் பார்த்தவர்கள் அளிக்கும் வாக்குகளால் முடிவாகிறது. ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’, ‘அமெரிக்கன் பியூட்டி’, ‘தி கிங்ஸ் ஸ்பீச்’, ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’, ‘கிரீன் புக்’ என அந்த விருதைப் பெற்றுப் பின்னர் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் பெற்றவை பல.

அவற்றுள் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது 2008இன் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’. அதை அமெரிக்காவில் வெளியிட இருந்த வார்னர் நிறுவனத்தின் சிறுபடப் பிரிவு அந்த ஆண்டில் மூடப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு இந்தியில் பேசும், அமெரிக்கர் அறிந்த பெரிய நட்சத்திரம் எவரும் இல்லாத படத்தைத் திரையரங்குக்கே அனுப்பாமல் நேரடியாகக் குறுந்தகடாக வெளியிட்டுவிடலாமா என்ற யோசனையும் இருந்தது. ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனம் அதை ஏற்றுக்கொள்ள, ஆகஸ்டு இறுதியில் டெல்லுரைட்டிலும், செப்டம்பரில் டொராண்டோவிலும் காட்டப்பட்டு, மக்கள் தேர்வு விருதைப் பெற்று, நவம்பரில் சில அரங்குகளில் மட்டும் வெளியாகி, வாரத்துக்கு வாரம் அரங்குகள் கூடி, 2009 பிப்ரவரியில் எட்டு ஆஸ்கர்களை வென்றது. இசைக்கும் பாடலுக்குமாக ஏ. ஆர். ரஹ்மான் இரண்டு சிலைகளைப் பெற்று மேடையில் தமிழில் பேசிய அந்த இரவை நினைவுகூராத தமிழர் குறைவு. இலையுதிர் காலத்து விழாக்கள் இரண்டு அந்தப் படத்தைக் கைதூக்கிவிடாதிருந்தால் அந்த மேடைக்கு வழியே ஏற்பட்டிருக்காது என்பதும் அதோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

அந்தப் படம் கையாண்ட வெளியீட்டு முறையைச் சற்று விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரிய படம் ஒன்று வெளியாகும்போது முதல் நாளே நூற்றுக்கணக்கான அரங்குகளில் ஓடத் தொடங்கி, முதல் மூன்று நாள் வசூலே அதன் தலைவிதியைத் தீர்மானிப்பது வழக்கம். படிப்படியான வெளியீடு என்பது இதற்கு நேர்மாறானது: முதல் வாரம் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் நான்கைந்து அரங்குகள் மட்டும், அங்கு அரங்கொன்றுக்குக் கிடைக்கும் சராசரி வசூல் நன்றாக இருந்தால் அடுத்த வாரம் முப்பது நாற்பது அரங்குகள், பிறகு நாடு முழுவதும். விளம்பரத்துக்குப் பெரும் பணம் இல்லாத படம், பார்த்தவர் வாயால் பரவுவதற்குக் கால அவகாசம் தருவதே இதன் நோக்கம். ஆகவே முதல் இரண்டு வாரங்களில் அரங்குக்கு வரும் சில ஆயிரம் பேர் வெறும் பார்வையாளர்கள் அல்லர்; அந்தப் படம் தொலைவிலுள்ள ஊர்களை எட்டுமா எட்டாதா என்பதை முடிவுசெய்பவர்கள்.

இந்த முறை எப்போதும் பலிப்பதில்லை. ஃபிராங்க் டாரபான்ட்டின் ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ 1994 செப்டம்பரில் டொராண்டோவில் காட்டப்பட்டு, அதே மாதம் 23ஆம் தேதி சில அரங்குகளில் வெளியாகி, அக்டோபர் 14 அன்று நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. அதே நாளில் வெளியான ‘பல்ப் ஃபிக்ஷன்’ மக்களின் பேச்சை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது. சுமார் 2.5 கோடி டாலரில் எடுக்கப்பட்ட ‘ஷாஷாங்க்’, தன் முதல் ஓட்டத்தில் ஏறத்தாழ 1.6 கோடி டாலர் மட்டுமே வசூலித்தது. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தும் ஒன்றுகூடக் கிட்டவில்லை. வீடியோ நாடாவிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பக் கண்டவர்களால்தான் அது இன்று உலகம் விரும்பும் படங்களுள் ஒன்றாக இருக்கிறது. பின்னாளில் அதைக் கொண்டாடியவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அதன் மழைக் காட்சியையோ, சிறை வளாகமெங்கும் ஒலிபெருக்கி வழியாக மொசார்ட்டின் இசை பரவும் காட்சியையோ பெரிய திரையில் கண்டதே இல்லை. அந்த இழப்பு அவர்களுடையது மட்டுமன்று. சிறை முற்றத்தின் அகலமும் அங்கே அசையாமல் நிற்கும் மனிதர்களின் எண்ணிக்கையும் சேர்ந்துதான் அந்த இசைக்குப் பொருள் தருகின்றன, சிறிய திரையில் அந்தப் பொருள் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

இங்கேதான், எந்தப் படத்தை அரங்கில் காண்பது என்ற கேள்வி கூர்மை பெறுகிறது. வெடிச்சத்தமும் மாயக் காட்சிகளும் நிறைந்தவையே பெரிய திரைக்கு உரியவை, அமைதியான படங்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது தவறான எண்ணம் என்பதற்கு அல்ஃபோன்சோ குவாரோன் என்ற ஒரே இயக்குநரின் இரண்டு வெனிஸ் படங்கள் போதும். ‘கிராவிட்டி’ விண்வெளியில் தனித்து விடப்பட்ட பெண்ணின் கதை. காற்றில்லாத வெளியில் ஒலி பரவாது என்ற அறிவியல் உண்மையை மதித்து, அவளது கையுறையும் உடையும் எதைத் தொடுகின்றனவோ அதன் அதிர்வு மட்டுமே கேட்கும்படி அதன் ஒலியை அமைத்திருந்தார்கள். விண்வெளி நிலையம் சிதறி அழியும் காட்சி வெடிச்சத்தமின்றி நிகழ்கிறது. அந்த மௌனம் நூற்றுக்கணக்கானோர் மூச்சடக்கி அமர்ந்திருக்கும் இருட்டறையில் ஏற்படுத்தும் அச்சத்தை, மின்விசிறியும் தெருவோசையும் கேட்கும் கூடத்தில் பெற இயலாது.

2018இல் தங்கச் சிங்கம் பெற்ற ‘ரோமா’ அதற்கு நேரெதிரான படம். மெக்சிகோ நகரத்தில் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் வேலைசெய்யும் கிளியோ என்ற பெண்ணின் ஓராண்டு வாழ்வை, கறுப்பு வெள்ளையில், அவசரமே இல்லாமல் சொல்கிறது. 65 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு இணையான அகலமான டிஜிட்டல் கேமராவில் குவாரோனே ஒளிப்பதிவு செய்த அந்தப் படத்தில், கேமரா ஓர் இடத்தில் நின்று மெல்ல இடமிருந்து வலமாகத் திரும்பும். முன்னால் கிளியோ துணி துவைத்துக்கொண்டிருக்க, பின்னால் மொட்டை மாடிகள் வரிசையாக நீண்டு, ஒவ்வொன்றிலும் வேறொரு பெண் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். தெருவில் போகும் கத்தி சாணை பிடிப்பவரின் குழலோசை அரங்கின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நகரும். பின்னணியில் சிறிதாகத் தெரியும் இந்த வாழ்வுகளைக் காண்பதே படத்தின் அறம். கைபேசித் திரையில் அந்தப் பெண்கள் புள்ளிகளாகிக் காணாமல் போகிறார்கள். ஆனால் பிரான்சின் திரையரங்குகளில் வெளியிடப்படாத படங்களைப் போட்டியில் சேர்ப்பதில்லை என்று கான் விழா விதி வகுத்ததால் வெனிஸுக்கு வந்த ‘ரோமா’, நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் படம் என்பதால், நவம்பரில் சில அரங்குகளில் மட்டும் சில வாரங்கள் ஓடிவிட்டு டிசம்பர் 14 முதல் இணையத்துக்குப் போய்விட்டது. பெரும்பாலானோர் அதைப் பார்த்த விதம், அது எடுக்கப்பட்ட விதத்துக்கு முற்றிலும் முரணானது.

அரங்கின் அளவை நம்பிப் படம் எடுப்பவர்கள் அண்மையில் பழைய தொழில்நுட்பம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருப்பது நம்பிக்கை தருகிறது. சாதாரணக் கேமராவில் 35 மில்லிமீட்டர் படச்சுருள் மேலிருந்து கீழாக ஓடும். விஸ்டாவிஷன் எனப்படும் முறையில் அதே சுருள் கிடைமட்டமாக ஓடுவதால், ஒவ்வொரு படச்சட்டமும் இரு மடங்குக்கு மேல் பெரிதாகி நுணுக்கமும் கூடுகிறது. தொலைக்காட்சியின் போட்டியைச் சமாளிக்க 1954இல் பாரமவுண்ட் நிறுவனம் கொண்டுவந்த இந்த முறை 1960களின் தொடக்கத்திலேயே முழுநீளப் படங்களில் வழக்கொழிந்தது. பிராடி கார்பெட் 2024இல் வெனிஸில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் பெற்ற ‘தி புரூட்டலிஸ்ட்’ படத்தை இதில் எடுத்தார். மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தின் நடுவே பதினைந்து நிமிட இடைவேளையும் வைத்தார். தமிழ்ப் பார்வையாளருக்கு இயல்பான இடைவேளை, மேற்கத்தியப் பார்வையாளருக்கு மறந்துபோன பழைய மரியாதை ஒன்று திரும்பி வந்ததுபோல் இருந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று வெளியான பால் தாமஸ் ஆண்டர்சனின் ‘ஒன் பேட்டில் ஆஃப்டர் அனதர்’ படமும் இதே முறையில் எடுக்கப்பட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சில அரங்குகளில் அதற்கென்றே உரிய எறிகருவியில் காட்டப்பட்டது.

இந்தியப் படங்களின் இலையுதிர் காலப் பயணம் வேறு வகையான இடர்ப்பாடுகள் கொண்டது. சைதன்யா தம்ஹானேயின் ‘கோர்ட்’ 2014இல் வெனிஸின் ‘ஒரிசோந்தி’ பிரிவில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. புதிய போக்குகளுக்கென்று ஒதுக்கப்பட்ட போட்டிப் பிரிவு அது. 2015இல் அதே பிரிவில் வெற்றிமாறனின் ‘விசாரணை’ போட்டியிட்டு, மனித உரிமைக்கான திரைப்பட விருதை ஆம்னெஸ்டி அமைப்பின் இத்தாலியக் கிளையிடமிருந்து பெற்றது. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தம் சொந்த அனுபவத்திலிருந்து எழுதிய ‘லாக்கப்’ நாவலை அடிப்படையாகக் கொண்ட அந்தப் படம், செப்டம்பரில் லீடோ தீவில் காட்டப்பட்டபோதும், தமிழ்நாட்டு அரங்குகளுக்கு வந்தது 2016 பிப்ரவரி 5 அன்றுதான். காவல்நிலைய அறைக்குள் விழும் ஒவ்வோர் அடியின் ஒலியும் அரங்கின் சுவரில் மோதித் திரும்பும் அந்தப் படத்தை, கூட்டத்தோடு அமர்ந்து பார்த்தவர்களுக்கு எழுந்து போகவும் இயலவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் இயலவில்லை. அந்த அவதியே படத்தின் வாதம். நிறுத்தும் பொத்தான் கையில் இருக்கும்போது அந்த வாதம் பலமிழந்துவிடுகிறது.

வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் பிரிவின் விதியும் செப்டம்பர் மாதத்தின் மீது தன் முத்திரையைப் பதித்திருக்கிறது. ஒவ்வொரு நாடும் ஒரு படத்தை மட்டுமே அனுப்பலாம். அந்தப் படம் செப்டம்பர் 30க்குள் திரையரங்கில் ஏழு நாள் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும் என்பதே பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள கணக்கு. இதனால் பல நாடுகளில் தகுதிக்காக மட்டுமே ஒரு வாரம் வெளியாகும் அரிய படங்கள் செப்டம்பரில் ஆரவாரமின்றி வந்துபோகின்றன. கானில் கிராண்ட் பிரீ வென்ற பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’, 2024 செப்டம்பர் 21 அன்று ‘பிரபயாய் நினச்சதெல்லாம்’ என்ற பெயரில் கேரளத்தின் சில அரங்குகளில் மட்டும் முதலில் வெளியானது. நாட்டின் பிற பகுதிகளுக்கு நவம்பர் இறுதியில்தான் வந்தது. இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அந்த ஆண்டு வேறு படத்தைத் தேர்ந்தெடுத்தது என்றாலும், மும்பையில் வாழும் மலையாளச் செவிலியரின் அந்தக் கதையை நாட்டின் பிற பகுதியினருக்கு முன்பே காணும் பேறு கேரளத்துப் பார்வையாளர் சிலருக்கு வாய்த்தது.

தமிழ்நாட்டின் வெளியீட்டு நாட்காட்டி பொங்கல், சித்திரை, தீபாவளி ஆகிய பண்டிகைகளைச் சுற்றி அமைந்தது என்பதால், இலையுதிர் காலப் படங்கள் இங்கு வரும்போது அவற்றுக்கென்று ஒரு பருவம் இல்லை. சென்னை, கோவை போன்ற நகரங்களின் பல்திரை வளாகங்களில் நாளொன்றுக்கு ஓரிரு காட்சிகள், அதுவும் காலை பத்து மணிக்கோ இரவு பத்து மணிக்கோ கிடைக்கின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை பண்டிகைப் படம் வந்தால் அவையும் நின்றுவிடுகின்றன. செப்டம்பர் விழாக்களில் பேசப்பட்ட பெயர்களைக் குறித்துவைத்துக்கொண்டு, நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்கும் புதன், வியாழக்கிழமைகளில் காட்சி நேரங்களைக் கவனித்து, வெளியான முதல் மூன்று நாளுக்குள் போய்விடுவதுதான் இங்குள்ளவர்களுக்கு உகந்த வழி. இணையத்தில் வரும்வரை காத்திருப்போரின் எண்ணிக்கை கூடக் கூட, அரங்குக்காரர்கள் இத்தகைய படங்களுக்குத் தரும் காட்சிகளும் குறைகின்றன. தவறவிட்டவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பாக நவம்பரில் கோவாவிலும், டிசம்பரில் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் நடைபெறும் விழாக்கள் இருக்கின்றன. வெனிஸிலும் டொராண்டோவிலும் காட்டப்பட்டவற்றுள் பல இந்த அரங்குகளுக்கு வந்துசேர மூன்று மாதம் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் விருதுகளை மட்டும் நம்புவது பாதுகாப்பானதன்று. தங்கச் சிங்கம் என்பது ஒரு சிறு நடுவர் குழு சில நாள் கூடிப் பேசி எட்டும் உடன்பாடு. மக்கள் தேர்வு விருது என்பது நிறைந்த அரங்கின் உடனடி மகிழ்ச்சிக்கான சான்று. முன்னது சில நேரம் பார்வையாளரைத் தொலைவில் நிறுத்தும் படத்துக்குப் போகும். பின்னது சில நேரம், ‘கிரீன் புக்’ போல, கடினமான வரலாற்றை எளிதில் செரிக்கத்தக்கதாக ஆக்கிவிட்ட படத்துக்குப் போகும். இயக்குநரின் முந்தைய படங்கள், ஒளிப்பதிவாளர், ஒலி வடிவமைப்பாளர் ஆகியோரின் பெயர்கள், எந்த வகைக் கேமராவில் எடுக்கப்பட்டது என்ற செய்தி ஆகியவை, அந்தப் படம் அரங்கைக் கேட்கிறதா என்பதை விருதைவிட நம்பகமாகச் சொல்கின்றன.

மேலும், இந்தப் பருவத்தின் புதுவரவுகள் யாவும் புதுப்படங்கள் அல்ல. வெனிஸ் விழாவிலும் நியூயார்க் விழாவிலும், சேதமடைந்த பழைய படச்சுருள்களைச் சட்டம் சட்டமாகத் துப்புரவாக்கி, ஒலியைச் சீராக்கி மீட்டெடுத்த படங்களுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அக்டோபரில் பிரான்சின் லியோன் நகரில், திரைப்படத்தின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் பெயரில் நடக்கும் விழா பெரும்பாலும் இத்தகைய படங்களுக்கானது. கிரீஷ் காசரவள்ளி 1977இல் எடுத்த ‘கடஸ்ராத்த’ என்ற கன்னடப் படம் 2024இலும், பிமல் ராய் 1953இல் எடுத்த ‘தோ பீகா ஜமீன்’ 2025இலும் இவ்வாறு மீட்டெடுக்கப்பட்டு வெனிஸில் காட்டப்பட்டன. இரண்டு பிகா நிலத்தைக் காப்பாற்ற விவசாயி ஒருவர் கல்கத்தா தெருக்களில் கைரிக்‌ஷா இழுக்கும் அந்தப் படத்தைக் கீறல் விழுந்த பிரதியிலும் தெளிவற்ற தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் மட்டுமே கண்ட இரு தலைமுறையினர் இருக்கிறார்கள். மீட்டெடுக்கப்பட்ட பிரதி அவர்கள் ஊருக்கு வரும் நாளில், அதுவும் அவர்களுக்கு ஒரு புதுப்படமே.